ஹெட் ஹன்டர்ஸ் ஆல்பத்தை ஏன் இன்னும் கேட்கிறோம்?

கேள்வி:

அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக் 1973-ல் வெளியிட்ட ஹெட் ஹன்டர்ஸ் ஆல்பத்தைப் பற்றி எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். நேற்று பொறுமையாக உட்கார்ந்து கேட்டேன். முதல் உருப்படி மட்டும் கால் மணி நேரம். ஒரே பேஸ் லைன் (அடியில் ஓடும் கனத்த சுர வரிசை) திரும்பத் திரும்ப வருகிறது. பாடுபவரும் இல்லை, வரியும் இல்லை. ஐம்பது வருஷம் கழித்தும் கேட்க இதில் என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 10:40

அந்த பேஸ் லைன்தான் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

விளக்கமாகவே சொல்கிறேன். கல்லூரி விடுதியில் பக்கத்து அறைப் பையன் கொடுத்த கேசட்டில்தான் முதலில் கேட்டேன். மேலட்டை இல்லை, பெயரும் எழுதவில்லை. ஓடவிட்டதும் தடித்த குரலில் ஏதோ ஒன்று தனியாக நடந்து வந்தது. நாலு தடவை, எட்டு தடவை அது மட்டும்தான். பிறகு மைக் கிளார்க்கின் டிரம்ஸ் உள்ளே வந்தது. எனக்குத் தலை தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. கேசட்டைத் திருப்பிக் கொடுக்க மூன்று மாதம் ஆனது.

மொத்தம் நாலே உருப்படிகள்: கெமிலியன், வாட்டர்மெலன் மேன், ஸ்லை, வெய்ன் மெல்ட்டர். எல்லாம் சேர்ந்து 42 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. கெமிலியன் என்றால் பச்சோந்தி. கால் மணி நேரமும் ஒரே லைன் ஓடுகிறது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். எனக்குப் பிடித்ததே அதுதான்.

பிப்ரவரி 3, இரவு 11:55

படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன்.

கெமிலியன் தொடக்கத்தில் கேட்பது பேஸ் கிட்டார் இல்லை. ஹான்காக் ஆர்ப் ஒடிசி என்ற சிந்தசைஸரில் வாசிக்கும் லைன் அது. அப்படியென்றால் குழுவில் பேஸ் வாசிக்க வந்த பால் ஜாக்சன் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். கிட்டார்போல மேலே சுருக்கமாக வெட்டி வெட்டி ஒன்று ஒலிக்கிறதே, அதுதான் அவர். பேஸ் கிட்டாரின் மேல் சுரங்களில் வாசிக்கிறார். பேஸ் வாசிக்க வேண்டியவர் மேலே போய்விட்டார், கீபோர்டுக்காரர் கீழே இறங்கிவிட்டார்.

இந்த ஆல்பத்தில் கிட்டாரே கிடையாது. தாளத்தால் ஆட வைக்கும் ஃபங்க் இசை என்றால் கிட்டாரின் 'சக்கு சக்கு' இல்லாமல் எப்படி? அந்த வேலையை ஹான்காக்கின் கிளாவினெட் செய்கிறது. நான் பல வருஷம் யாரோ ஒரு கிட்டார்க்காரர் பிரமாதமாக வாசிக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5, காலை 7:15

திருத்தம். டிரம்ஸ் மைக் கிளார்க் இல்லை, ஹார்வி மேசன். இதே குழுவின் அடுத்த ஆல்பம் 1974-ல் வந்தது. மைக் கிளார்க் அதில்தான் வருகிறார். இரண்டையும் ஒரே நாடாவில் பதிந்து வைத்துக் கேட்டு வளர்ந்ததால் வந்த குழப்பம். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

ஹார்வி மேசனை விட்டுவிட்டு இந்த ஆல்பத்தைப் பேசவே கூடாது. வாட்டர்மெலன் மேனைப் புதிதாக மாற்றி அமைத்ததில் அவர் பங்கு பெரியது. கெமிலியனை இயற்றியவர்கள் என்று நாலு பெயர் போட்டிருக்கிறார்கள்: ஹான்காக், ஜாக்சன், மேசன், சாக்ஸபோன் வாசிக்கும் பென்னி மாப்பின். ஒருவர் எழுதிக் கொடுத்து மற்றவர்கள் வாசித்தது இல்லை என்பது அதிலேயே தெரிகிறது.

பிப்ரவரி 6, இரவு 9:30

கிளாவினெட் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

வேலை விஷயமாக இரண்டு வருஷம் கலிஃபோர்னியாவில் ஓக்லண்டில் இருந்தேன். (பால் ஜாக்சன் பிறந்த ஊர். அது எனக்கு அப்போது தெரியாது.) பழைய கீபோர்டுகளைப் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று அங்கே இருந்தது. சனிக்கிழமை மாலையில் போய் நிற்பேன். ஒரு நாள் ஹோனர் டி6 என்ற கிளாவினெட் மேசைமேல் மூடி கழற்றிக் கிடந்தது. இந்த ஆல்பத்தில் ஹான்காக் வாசித்த அதே வகை.

உள்ளே கம்பிகள். பார்க்கக் கிட்டார்போலவேதான் இருக்கும், கம்பிகளுக்கு நேரே, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும் உண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் குட்டி ரப்பர் முனை. கட்டையை அழுத்தினால் அந்த முனை கம்பியைக் கீழே இருக்கும் உலோகத்தோடு வைத்து அழுத்துகிறது. அந்த மோதலில்தான் 'டக்' என்ற சத்தம் பிறக்கிறது. கம்பிகளின் ஒரு ஓரத்தில், சுவெட்டர் பின்னுகிற கம்பளி நூலை உள்ளும் வெளியுமாகக் கோத்திருந்தார்கள். விரலை எடுத்ததும் அதிர்வை அந்த நூல் விழுங்கிவிடும். கடைக்காரர் நூலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வாசிக்கச் சொன்னார். எல்லாம் கொழகொழவென்று ஒன்றோடொன்று கலந்துவிட்டது. நூலை இறுக்கியதும் 'டக் டக்' திரும்ப வந்தது.

ஃபங்க் என்பது அந்தக் கம்பளி நூல்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. சத்தத்தைத் தொடங்குகிற இடம் எவ்வளவு முக்கியமோ, அதை நிறுத்துகிற இடமும் அவ்வளவு முக்கியம்.

பிப்ரவரி 9, மாலை 6:20

'ஜாஸ் விற்கவில்லை, காசுக்காக ஃபங்க் பக்கம் போனார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தப் பேச்சு 1973-லிருந்தே இருக்கிறது. அன்றைய ஜாஸ் விமர்சகர்களில் சிலரும் இப்படித்தான் கோபப்பட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் பாதி உண்மை இருக்கிறது.

ஹான்காக் 1963-ல் ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தவர். பிறகு சொந்தக் குழு அமைத்தார். அந்தக் குழுவுக்கு மவாண்டிஷி என்று பெயர். அது ஸ்வாஹிலிச் சொல். எழுதுபவர், இயற்றுபவர் என்று பொருள். வானத்தில் மிதப்பதுபோன்ற இசை. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் ஆள் அதிகம், கருவி அதிகம், ஊர் ஊராகப் போனால் கட்டுப்படியாகவில்லை. 1973-ல் கலைந்தது. அதற்கு முன்பு லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடூர் கிளப்பில் பாயின்டர் சிஸ்டர்ஸ் குழுவுக்கு முன்னால் இவர்கள் வாசித்தார்கள். அந்தப் பெண்கள் மேடை ஏறியதும் கூட்டம் எழுந்து ஆடியதைப் பார்த்துத் தனக்குள் என்னமோ நடந்தது என்று ஹான்காக் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர் பௌத்தர், ஒரு நாள் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தபோது ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோனின் இசை மனதில் ஓடியது என்றும், தான் ஏன் இதைத் தாழ்வாக நினைக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதில் பிடித்தது அந்தக் கேள்விதான். மொஸார்ட்டை 11 வயதில் சிகாகோ சிம்ஃபனியோடு வாசித்த மனிதர், 33 வயதில் தனக்கு வராத ஒன்றை முதல் பாடத்திலிருந்து கற்கப் போகிறார். பழைய குழுவிலிருந்து கூட அழைத்துப்போனது பென்னி மாப்பினை மட்டும்தான். காசு மட்டும்தான் குறி என்றால் 15 நிமிடம் 41 விநாடிக்கு ஓடுகிற உருப்படியை யாராவது முதலில் வைப்பார்களா? வானொலியில் போடவே முடியாதே.

விற்றதும் உண்மைதான். பில்போர்டு பட்டியலில் 13-ஆம் இடம்வரை போனது, பிளாட்டினம் ஆனது. 2007-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 9, இரவு 8:05

மேலே எழுதாமல் விட்டது: ஹான்காக் கல்லூரியில் முதலில் சேர்ந்தது மின் பொறியியலுக்கு. பிறகுதான் இசைக்கு மாறினார். சிந்தசைஸர் முன்னால் அவர் பயப்படாமல் உட்கார்ந்ததற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

மேலட்டையைப் பாருங்கள். முன்னால் வட்ட முகமூடி, மேலே கொம்பு. ஐவரி கோஸ்ட் நாட்டின் பௌலே மக்களுடைய முகமூடியை ஒட்டி வரைந்தது. அதில் டேப் ரெக்கார்டரின் தலையில் ஏறிய காந்தத்தை நீக்குகிற சாதனத்தின் வடிவமும் கலந்திருக்கிறது. வரைந்தவர் விக்டர் மொஸ்கோசோ, சான் பிரான்சிஸ்கோவின் சைக்கடெலிக் சுவரொட்டிகளுக்குப் பெயர்போனவர். ஆப்பிரிக்க முகமூடியும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒரே முகத்தில். உள்ளே இருக்கும் இசையும் அப்படித்தான்.

பிப்ரவரி 14, இரவு 10:10

இன்று முழுக்க வாட்டர்மெலன் மேன்.

இது 1973-ல் பிறந்தது இல்லை. ஹான்காக்கின் முதல் ஆல்பத்தில், 1962-லேயே வந்தது. சிகாகோவில் சின்ன வயதில் தர்பூசணி வண்டிக்காரர் சந்துக்குள் வருவாராம். கல் பாவிய தரையில் வண்டிச் சக்கரம் உருளும் சத்தம்தான் அதன் தாளம். வீட்டுப் பெண்கள் அவரைக் கூப்பிடும் குரல்தான் மெட்டு. அதையே பதினோரு வருஷம் கழித்து எடுத்து, வேகத்தைக் குறைத்து, எலும்பு தெரிகிற அளவுக்குச் சதையைக் குறைத்துவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழையது சுறுசுறுப்பான பையன். புதியது அதே பையன் வளர்ந்து, அவசரமில்லாமல் நடக்கக் கற்றுக்கொண்டது.

தொடக்கத்தில் புல்லாங்குழல்போல ஒன்று கேட்கிறதே, அது பீர் பாட்டில். குழுவில் தாளக் கருவிகள் வாசிக்கும் பில் சம்மர்ஸ் வாயை வைத்து ஊதுகிறார். ஒரு ஊதல், ஒரு குரல், மறுபடி ஊதல். பல தடங்களாக அடுக்கியிருக்கிறார்கள்.

எனக்கு ஆசை வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். சோடா பாட்டில் மூன்று, அளவு அளவாகத் தண்ணீர். ஊதுவது சுலபம்தான். ஊதலுக்கும் குரலுக்கும் நடுவே மூச்சைப் பிரிப்பதுதான் உயிரை வாங்குகிறது. ஊதி முடித்த காற்றில் குரல் எழும்பாது, குரலுக்கு எடுத்த மூச்சில் ஊதல் தவறும். பத்து நிமிடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நடுவில் ஒரு நாலைந்து சுற்று சரியாக விழுந்தது. எது பாட்டில், எது என் குரல் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நாலைந்து சுற்றை மறக்கவே மாட்டேன்.

பிப்ரவரி 15, அதிகாலை 5:45

நேற்று உற்சாகத்தில் எழுதினேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டது உறுத்துகிறது.

பாட்டில் சம்மர்ஸுடையது. அந்த முறை அவருடையது இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் காட்டில் வாழும் பாபென்ஸெலே மக்களுடையது. ஹின்டேவு என்று பெயர், அந்த ஓசையையே பெயராக வைத்திருக்கிறார்கள். வேட்டையிலிருந்து திரும்புவதை அறிவிக்க வாசிப்பார்கள். குழல் எதில் செய்வது தெரியுமா? பப்பாளிக் காம்பில். நம்மில் பலர் சின்ன வயதில் பப்பாளி இலைக் காம்பை வெட்டி 'பீ பீ' என்று ஊதியிருப்போம். அந்தக் குழலில் ஒரே ஒரு சுரம்தான் வரும். மற்ற சுரங்களைக் குரல் கொடுக்கும்.

இது எப்படி கலிஃபோர்னியாவுக்கு வந்தது? சிம்ஹா அரோம் என்ற இசை ஆய்வாளர் அந்த மக்களின் இசையைப் பதிவு செய்து 1966-ல் இசைத்தட்டாக வெளியிட்டார். சம்மர்ஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இன இசையியல் படித்தவர். இசைத்தட்டில் கேட்டதைப் பாட்டிலில் கொண்டுவந்தார்.

மறுபடி இதை ஆராய்ந்தவர் ஸ்டீவன் ஃபெல்ட். அவர் 1996-ல் எழுதிய கட்டுரையில் ஹான்காக்கிடமே இதைக் கேட்டதைச் சொல்கிறார். இது சகோதரர்களுக்குள் நடக்கிற விஷயம் என்கிற தோரணையில் ஹான்காக் பதில் சொன்னாராம். கறுப்பின அமெரிக்கர் ஒருவர் ஆப்பிரிக்காவைத் தன் வீடு என்று நினைப்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1994-ல் மடோனாவின் ஒரு பாட்டில் வாட்டர்மெலன் மேனின் துண்டை எடுத்துப் போட்டார்கள். பாட்டை எழுதியவர்களில் ஒருவராக ஹான்காக்கின் பெயர் வந்தது, அது நியாயம். பாபென்ஸெலே மக்களின் பெயர் அங்கேயும் வரவில்லை. வாங்கியவருக்கு மதிப்பு கிடைத்தது, கொடுத்தவர் இசைத்தட்டுக்கு வெளியிலேயே நிற்கிறார்.

இதற்காக நான் ஆல்பத்தைக் கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் யாருக்காவது இதைப் போட்டுக் காட்டினால், பாட்டில் சத்தம் வரும்போது அந்த மக்களின் பெயரைச் சொல்லிவிடுவேன். என்னால் முடிந்தது அதுதான்.

பிப்ரவரி 15, மதியம் 1:30

'பப்பாளிக் காம்பு இல்லை, பூவரச இலை' என்று சண்டைக்கு வந்த ஐயா, பூவரச இலையைச் சுருட்டி ஊதுவது வேறு. இரண்டும் உண்டு. இரண்டிலும் அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 20, இரவு 11:20

முதல் நாள் 'அந்த பேஸ் லைன்தான்' என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

நான் ஆறு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா. இரண்டு கையும் ஓயாது. பாடகர் மூச்சு விடும் இடத்தில் ஒரு ஓட்டம், தபலா நிறுத்தும் இடத்தில் ஒரு அலங்காரம். திறமை என்றால் அதுதான் என்று நினைப்பு. ஒரு நாள் கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது தபலா வாசிக்கும் அண்ணன் சொன்னார்: "தம்பி, எல்லா இடத்தையும் நீயே அடைச்சிட்டா நாங்க எங்க வாசிக்கிறது?" கோபமாகக்கூட இல்லை, களைப்பாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அந்த வாரம்தான் கெமிலியனைக் காதுக்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கருவியாகப் பிரித்துக் கேட்டேன். ஒடிசி லைனில் பாதி இடம் மௌனம். ஜாக்சன் மேலே போடுவது அந்த மௌனத்தில் விழுகிறது. கிளாவினெட் அவர்கள் இருவரும் விட்ட சந்தில் நுழைகிறது. டிரம்ஸின் ஹை-ஹேட் தாளத்தட்டு அதற்கும் நடுவில். எதையும் தனியாக எடுத்து வாசித்தால் ஒரு பத்து வயதுப் பிள்ளை கற்றுக்கொள்ளலாம். சேர்த்தால் என் ஆறு வருஷ ஓட்டம் அத்தனையும் பக்கத்தில் நிற்காது. உலகத்தின் பெரிய பியானோக்காரர்களில் ஒருவர் இரண்டே கார்டுகளை, பி ஃபிளாட் மைனர், ஈ ஃபிளாட் செவன், மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் காத்திருக்கிறார்.

இப்போது பாட்டிலுக்குத் திரும்பிப் போங்கள். ஒரே சுரம் வரும் குழல், மீதியைக் கொடுக்கும் குரல். இந்த ஆல்பம் முழுக்க அந்த முறையில்தான் கட்டியிருக்கிறார்கள். யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் முடிப்பார்.

அடுத்த கச்சேரியில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் ஒரு உருட்டல் போட்டார். எனக்கு இன்றும் அது காதில் இருக்கிறது.

பிப்ரவரி 27, இரவு 9:50

இரண்டாம் பக்கத்தை யாருமே பேசவில்லை.

ஸ்லை, பெயரே சொல்வதுபோல ஸ்லை ஸ்டோனுக்கு மரியாதை. வேகம் தலை தெறிக்கும். எனக்கு நாலில் இதுதான் கடைசி. வித்தை காட்டுவது கொஞ்சம் கூடிவிட்டது என்று தோன்றும். வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.

வெய்ன் மெல்ட்டரை இருபது வயதில் தாண்டிப் போய்விடுவேன். இப்போது அதற்காகவே தட்டைத் திருப்புகிறேன். நெஞ்சு அடிப்பதுபோல மெதுவான ஒரு துடிப்பு. அதன்மேல் மாப்பினின் பேஸ் கிளாரினெட், அடித்தொண்டையில் பேசுகிற வயதான மனிதரைப்போல. ஒன்பது நிமிடத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ராத்திரி ரயிலில் விளக்கை அணைத்த பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். பால் ஜாக்சன் 2021-ல் காலமான செய்தி வந்த அன்று நான் போட்டது கெமிலியன் இல்லை, இதைத்தான்.

மார்ச் 8, இரவு 10:30

கேள்வி கேட்டவருக்கு ஒரு மன்னிப்புப் பாக்கி இருக்கிறது. முதல் நாள் நீங்கள் 'ஒரே பேஸ் லைன் திரும்பத் திரும்ப' என்றீர்கள். நானும் 'கால் மணி நேரமும் ஒரே லைன் ஓடுகிறது என்பது உண்மைதான்' என்று தலையாட்டினேன். நாம் இரண்டு பேரும் சொன்னது தப்பு.

இன்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். நடுவழியில் அந்த லைன் நின்றுவிடுகிறது. வேறு நடை, வேறு பேஸ், வயலின் கூட்டம்போல சிந்தசைஸர், அதன்மேல் ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின் பியானோவில் ஹான்காக்கின் நீண்ட வாசிப்பு. பழைய லைன் திரும்புவது கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில்தான். உருப்படியின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அது இல்லவே இல்லை. ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன், அது இல்லாததை நான் கவனித்ததே இல்லை.

ஏன் என்று சாயங்காலம் வீட்டிலேயே தெரிந்தது. கூடத்தில் தட்டு ஓடிக்கொண்டிருந்தது, அந்த நடுப்பகுதிதான். மகள் அடுக்களையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது, இந்த ஆல்பம் அவளுக்கு அப்பாவின் பழைய சத்தம், அவ்வளவுதான். உரித்துக்கொண்டே வாய்க்குள் அந்த பேஸ் லைனை முணுமுணுத்தாள். ஓடிக்கொண்டிருந்த நடையோடு அது சேரவில்லை. ஆனாலும் விடவில்லை, திரும்பத் திரும்ப, ஒரு சுற்றுக்கு ஒரு தோல் கூடையில் விழுந்தது. கூடத்தில் நிஜமான லைன் திரும்பி வந்தபோது ஒரு கணம் நிறுத்தினாள், அதோடு சேர்த்துக்கொண்டு அடுத்த பட்டாணியை எடுத்தாள்.